ஐம்பத்தோராம் பக்கம்

"உங்களுக்கு முதல் வாசிக்கக் கிடைச்ச புத்தகம் எது டீச்சர்? அது எங்க கிடைச்சது?"

நாலாவது கேள்வியைக் கேட்டுவிட்டு ஸுல்பிகா கைபேசியை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள். கடலோர ஊரான உடப்பில், டீச்சர் இருந்த வீட்டு வாசலுக்கு வெளியே மணலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காகத்தை விரட்ட யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தமும் பதிவில் விழும் என்று தெரிந்தும் அவள் அதை நிறுத்தச் சொல்லவில்லை. வாப்பாவுக்கு அது பிடிக்கும். பேசுகிறவர் எந்த ஊரில் இருந்து பேசுகிறார் என்று பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் பார்த்துக்கொள்வார்.

புத்தளத்தில் தில்லையடிப் பக்கம் பிரதேச சபைக்குச் சொந்தமான சின்ன நூலகம் ஒன்றுக்கு அவள்தான் பொறுப்பு. புதுவரவுத் தட்டில் இந்த மாவட்டத்து எழுத்தாளர் யாருடைய புத்தகமாவது வந்தால், அவரைத் தேடிப்போய்ப் பேச வைத்து, பதிந்து, சீடியாக்கி, பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிக் கொடுப்பது அவள் தொடங்கிவைத்த வழக்கம். ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் எழுதியவரையும் அழைத்து ஒரு கூட்டம் நடக்கும். சபைக்காரர்கள் இதை வாசகர் சேவை என்று அறிக்கையில் எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். உண்மையில் அந்தச் சேவை ஒரேயொரு வாசகருக்காகத் தொடங்கியது. ஸுல்பிகாவின் வாப்பா செய்னுலாப்தீனுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் இரண்டு கண்ணும் போய்விட்டன. வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்திலும் புத்தகத்திலும் கிடந்த மனுசன். முழுப் புத்தகத்தையும் வாசித்துக் காட்ட மகளுக்கு நேரமில்லை. எழுதியவர்களின் குரலையாவது கேட்கட்டும் என்றுதான் அவள் பதியத் தொடங்கினாள். கேள்விகளைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான், வரிசையும் அவருடையதுதான். வரிசை மாறினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

அவருடைய சொந்தப் புத்தகங்கள் மன்னார்ப் பக்கம் அவர்களுடைய ஊரான விடத்தல்தீவில் இருந்தன. இருந்தன என்பது அவருடைய கணக்கு. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் புலிகள் இயக்கம் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டு முத்துலிங்கம் மாஸ்டரிடம் கொடுத்து, அலுமாரி பத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தவர். பிறகு அகதியாகப் புத்தளம் பக்கம் கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்திலும், தில்லையடியில் கல்வீடு கட்டிய பிறகும், அலுமாரியில் எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் எந்த ஓரத்தில் நிற்கிறது என்று அவருக்கு மனப்பாடம். நூலகத்தில் இல்லாத பழைய புத்தகத்தை யாராவது கேட்டுவந்தால், "அது என்னட்ட ஊரில இருக்கு, கொண்டுவந்து தாறன்" என்று வாக்கும் கொடுத்துவிடுவார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இல்லாத புத்தகத்தை இரவல் கொடுத்த ஒரே நூலகர் அவராகத்தான் இருப்பார் என்று ஸுல்பிகா சில நாட்களில் சிரித்திருக்கிறாள்.

ஆனால் அது இப்போது சிரிக்கிற விஷயமாக இல்லை. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அவளுடைய நானா ஸப்ரான் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கூரை இல்லை, நிலை இல்லை, ஜன்னல் இல்லை, வாப்பா சாய்மனைக் கதிரை போட்டிருந்த இடத்தில் ஒரு வேம்பு ஆளுயரம் வளர்ந்திருந்தது. அவன் வீட்டுக்கு வந்து, வாப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "வீடு அப்பிடியே இருக்கு வாப்பா. ஆமிக் கேம்ப்புக்குள்ள மாட்டியிருக்கு, உள்ளுக்குப் போக விட மாட்டாங்க" என்றான். வாப்பா, "அல்ஹம்துலில்லாஹ், ஆமி காவல் எண்டா பத்திரம்தானே" என்றார். பிறகு கிணற்றடியில் வைத்து ஸப்ரான் தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிட்டு அழுதான். அந்தப் பொய்யில் அன்றிலிருந்து அவளுக்கும் பங்கு உண்டு. கண் போன மனுசனுக்குப் பார்க்க மிச்சமிருப்பது அந்த அலுமாரி ஒன்றுதான், அதையும் பிடுங்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ஞானேஸ்வரி உடப்பில் பாலர் பாடசாலை ஆசிரியை. யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபோது, இங்கே இருந்த சின்னம்மாவின் வீட்டுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவள். தன் சங்கிலியை விற்று அச்சடித்த சிறுகதைத் தொகுதியை நூலகத்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். முதல் தாளில் 'இந்துஜனுக்கு' என்று ஒரு சொல் மட்டும் இருந்தது. அதுவரை கேட்ட மூன்று கேள்விகளுக்கும் ஓரிரு வரியில் பதில் சொன்னவள், இந்தக் கேள்விக்குக் கைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எங்களிட்டச் சொந்தமா ஒரு புத்தகமும் இருக்கேல்லை மிஸ். தொண்ணூத்தொண்டில நாங்கள் மன்னார்த் தீவிலயிருந்து இடம்பெயர்ந்து விடத்தல்தீவுக்குப் போனம். முஸ்லிம் ஆக்களின்ர வீடுகள் சும்மா கிடந்தது. முத்துலிங்கம் எண்டு ஒரு மாஸ்டர் எங்களுக்கு ஒரு வீட்டைத் திறந்து விட்டவர். வீட்டுக்காரர் திரும்பி வருவினம், அலுமாரியில மட்டும் கை வைக்காதேங்கோ எண்டு சொல்லித்தான் விட்டவர்."

விடத்தல்தீவில் எத்தனை வீடு, எத்தனை அலுமாரி என்று ஸுல்பிகா தன்னைச் சமாளித்துக்கொண்டாள். முத்துலிங்கம் மாஸ்டர் இரண்டு வீட்டுத் திறப்பைக்கூட வாங்கி வைத்திருக்கலாம்.

"பச்சைப் பெயின்ற் அடிச்ச அலுமாரி. ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. அதுக்குப் பிஸ்கட் தகரம் வைச்சு அடிச்சிருந்தது."

அந்தக் கண்ணாடியை உடைத்தது ஸுல்பிகாதான். ஒளித்துப் பிடித்து விளையாடும்போது முழங்கை பட்டு உடைந்தது. வாப்பா வாழ்க்கையில் அவளை அடித்தது அன்று ஒருநாள்தான். தகரத்தில் இருந்த பூப் படத்தை உள்பக்கம் திருப்பி வைத்து அவர் ஆணி அடித்தது அவளுக்கு இப்போதும் நினைவிருந்தது. அவள் கதிரை நுனிக்கு வந்திருந்தாள்.

"ஒரு வருசம் நாங்கள் தொடேல்லை. உண்மையாச் சொல்லுறன் மிஸ், தூசு மட்டும்தான் தட்டினாங்கள். பிறகு மாரிக்குள்ள தம்பி பிறந்தான். வீட்டிலதான் பிறந்தவன். செல்லடி, காட்டுக்கு விறகுக்குப் போக ஏலாது. மண்ணெண்ணெய் இல்லை. கிடந்த விறகெல்லாம் ஈரம். பச்சைப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சுடுதண்ணி வைக்க வேணும். மாஸ்டரும் அப்ப உயிரோட இல்லை, கேக்கிறதுக்கு. அம்மா எழும்பி வந்து அகப்பைக் காம்பால அந்தத் தகரத்தை நெம்பினவ."

தகரம் தட்டுகிற சத்தம் வெளியே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் வாசிக்காம ஒரு தாளையும் அடுப்புக்கு விடேல்லை. அம்மா கிழிச்சுக் கிழிச்சுத் தருவா, நான் அடுப்படியில குந்தியிருந்து வாசிச்சுப்போட்டு வைப்பன். கெதியா வாசியடி, தண்ணி ஆறப்போகுது எண்டு பேசுவா. எனக்குப் பன்ரண்டு வயசு. ஒவ்வொரு புத்தகத்திலயும் அம்பத்தோராம் பக்கத்தில ஊதா நிறத்தில ஒரு சின்னப் பிறை, நடுவில ஒரு புள்ளி, சீல் குத்தியிருக்கும். என்னத்துக்கெண்டு விளங்கேல்லை. ஆனா அது என்னவோ நேர்த்தி வைச்ச மாதிரி எனக்குப் பட்டுது. அந்தத் தாளை மட்டும் எரிக்க விடேல்லை. எல்லாப் புத்தகத்திலயும் அந்த ஒரு தாளை எடுத்து வைச்சன். அந்தக் கட்டுத்தான் மிஸ் என்ர முதல் புத்தகம். ஒண்டுக்கும் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. முன்னுக்கும் பின்னுக்கும் என்ன இருந்திருக்கும் எண்டு நானே எழுதி எழுதிப் பாத்தன். அப்பிடித்தான் எனக்கு எழுத வந்தது."

இதைவிட நல்ல பதில் இந்த நாலாவது கேள்விக்கு இதுவரை வந்ததில்லை. நூலகக்காரியாக அது அவளுக்குத் தெரிந்தது. மகளாக அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

"முதல் தாளில பேர் இருக்கும். வடிவான எழுத்து. செய்னுலாப்தீன், ஆசிரியர் எண்டு." ஞானேஸ்வரி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "இதை வெட்டிப்போடாதேங்கோ மிஸ். உங்கட லைப்ரரிக்கு வாறது எங்கட பக்கத்து முஸ்லிம் ஆக்கள்தானே. அவரோ அவற்ற பிள்ளையளோ எப்பவாவது கேக்கக்கூடும். நேர தேடிப் போக எனக்குப் பயமாக் கிடக்கு."

நான்தான் அந்தப் பிள்ளை என்று சொல்ல அதைவிட நல்ல இடம் வராது. ஆனால் ஸுல்பிகாவுக்கு வரிசையில் இல்லாத ஒரு கேள்விதான் வாயில் வந்தது. "அந்தக் கட்டு இப்ப எங்க?"

"கடைசியில பங்கருக்குள்ள விட்டிட்டு வந்தனான். தம்பி இந்துஜனை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது. அம்மா அவன்ர உடுப்புப் பையைத்தான் தூக்கினவ. நான் அம்மாவைத் தூக்கினன். தாள் தூக்கக் கை இருக்கேல்லை."

"தம்பி?"

"வரேல்லை."

ஸுல்பிகா ஐந்தாவது கேள்விக்குப் போனாள். புத்தகத்துக்கு ஏன் இந்தத் தலைப்பு வைத்தீர்கள் என்பது அந்தக் கேள்வி.

புத்தளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கோபப்படப் பார்த்தாள். கோபப்பட ஒரு ஆள் கிடைத்தால் மனுசருக்கு எவ்வளவு ஆறுதல். இருபது வருடமாகத் தன் வாப்பா மனதுக்குள் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருந்ததை எரித்தவர்களைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் எரித்தவளோ பிள்ளை பெற்ற உடம்போடு சுடுதண்ணி வைத்த ஒரு பெண். அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டிய பிள்ளையும் இப்போது இல்லை. யாரைப் பிடித்து என்ன கேட்பது? அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருத்தி ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அடுத்த நாள் நூலகக் கம்பியூட்டரில் நாலாவது கேள்வியையும் பதிலையும் தேடிப் பிடித்து வெட்டினாள். கண்ணுக்கு அது சின்ன வேலைதான், இரண்டு இடத்தில் கோடு போட்டு நடுவில் இருப்பதை எடுத்தால் போதும். அந்த நடுத்துண்டைத் தனியாக எங்காவது வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். வைத்திருந்தால் என்றாவது யாராவது கேட்டுவிடுவார்கள் என்று அதையும் அழித்தாள். ஒரு புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தவனுக்கு வாசிகசாலைப் பக்கமே வரக் கூடாது என்று கட்டளை போடுகிறவள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை அடுப்படியில் காப்பாற்றி வைத்ததை ஒரு விரலால் இல்லாமல் ஆக்கினாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாப்பா வழக்கம்போலக் கதிரையில் சாய்ந்து பதிவைக் கேட்டார். பாதியில் கையை உயர்த்தினார்.

"இஞ்ச தகரம் தட்டுறது பட்டெண்டு நிண்டு போச்சே மகள்."

"காகம் போயிருக்கும் வாப்பா."

"அடுத்த நிமிசம் வேற மாதிரித் தட்டுது." அவர் கொஞ்சம் யோசித்தார். "நாலாவதைக் கேக்கல்லியா?"

"மறந்துட்டன் வாப்பா."

"நீயா மறந்தாய்?" என்று கேட்டாரே தவிர, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "பரவாயில்ல. இந்தப் பிள்ளைக்கு நல்ல குரல். சனிக்கிழமை கூட்டத்துக்கு வருவாதானே, நானே கேக்கிறன்."

அவரை வீட்டில் நிறுத்திவைக்க அவள் செய்யாத வேலை இல்லை. சீனி ஏறியிருக்கிறது என்றாள், வெயில் கொளுத்துகிறது என்றாள், கூட்டம் பிந்தும் என்றாள். சனிக்கிழமை காலையிலேயே குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அத்தர் பூசிக்கொண்டு அவர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார். இனி அந்த மனுசனைக் கட்டிப் போட்டால்தான் உண்டு.

அன்று நூலகத்தில் அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. கதிரை அடுக்கி, கடையில் பெட்டிஸ் பலகாரத்துக்குச் சொல்லி, ஒலிவாங்கி இரவல் வாங்கி, புதுவரவுப் புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் தலைப்புப் பக்கத்தில் சபையின் சீல் முத்திரையைக் குத்தினாள். பிறகு ஐம்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கிடந்த சின்னச் சீலை எடுத்துக் குத்தினாள். கள்ளன் முதல் தாளையும் கடைசித் தாளையும்தான் கிழிப்பான், நடுவில் ஒரு பக்கத்தில் வாசிகசாலைக்கு மட்டும் தெரிந்த அடையாளம் இருக்க வேண்டும் என்பது வாப்பாவின் சட்டம். எல்லா நூலகத்திலும் அப்படி ஒரு இரகசியப் பக்கம் உண்டுதான். அவளுக்கு இந்த வேலை கிடைத்த வருடம், தன் பழைய சீலைப் போலவே, பிறையும் நடுவில் புள்ளியுமாக, புத்தளம் கடைத்தெருவில் சொல்லி வெட்டுவித்துக் கொடுத்தவர் அவர். சபையின் சட்டத்தில் எங்கும் இல்லாத சீல். பத்து வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு, லேசில் காயாத அந்த எண்ணெய் மை ஊறிய ஊதாப் பெட்டிக்கும் தாளுக்கும் போய்வந்தது. மனம் முழுக்க வாப்பாவை எந்தக் கதிரையில் இருத்துவது என்பதில் இருந்தது.

ஞானேஸ்வரி மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தாள். வாசலிலேயே ஸுல்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னதை வெட்டேல்லைதானே மிஸ்?" என்று கேட்டாள்.

"இல்ல டீச்சர்" என்றாள் ஸுல்பிகா. வாப்பாவை அவள் கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இருத்தியிருந்தாள். அந்த இடத்தில் காது கொஞ்சம் குறைவாகக் கேட்கும்.

சபைத் தலைவர் பேசினார், பள்ளிப் பிள்ளைகள் கவிதை சொன்னார்கள், பெட்டிஸ் வந்தது. பிறகு ஞானேஸ்வரியை ஒரு கதையிலிருந்து கொஞ்சம் வாசிக்கச் சொன்னார்கள். கொண்டுவந்த பிரதிகளை அவள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்திருந்தாள். யாரோ நூலகப் பிரதியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்கள். தாயும் மகனும் வெள்ளத்தில் ரோட்டைத் தேடுகிற கதையை அவள் வாசித்தாள். நல்ல குரல்தான். முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். ஒரு தாளைத் திருப்பினாள். வாசிப்பு நின்றது.

தண்ணீர் குடிக்க நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஞானேஸ்வரி தாளின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாள் என்று ஸுல்பிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. குரலை வெட்டத் தெரிந்தவள் காலையில் தன் கையாலேயே அந்தப் பிறையைக் குத்தி வைத்திருக்கிறாள். ஓடிப்போய்ப் புத்தகத்தை வாங்கிவிட வேண்டும் போல இருந்தது.

அதற்குள், பேச்சு நின்ற இடத்தில் பின்வரிசையிலிருந்து கைத்தடி தரையில் தட்டியது.

"மகள், குறுக்க பேசுறதுக்குக் குறை நினைக்காதீங்க. நான் செய்னுலாப்தீன், விடத்தல்தீவு." பார்வை இல்லாததால் எங்கே பேசினாலும் பெயரும் ஊரும் சொல்லித் தொடங்குவது அவர் வழக்கம். "உங்கட பேச்சை சீடியில கேட்டன். ஒரு கேள்வியை எங்கட மகள் கேக்க மறந்துட்டா. நீங்க முதல் வாசிச்ச புத்தகம் எது? எங்க கிடைச்சது? எனக்குப் புத்தகம் எண்டா ஒரு பைத்தியம். என்ட புத்தகமெல்லாம் ஊரில அலுமாரிக்குள்ள கிடக்கு. பாதை திறந்தா உங்களுக்கும் தாறன்."

சிலர் சிரித்தார்கள். வாப்பாவின் இரவல் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஞானேஸ்வரி சிரிக்கவில்லை. அவள் திரும்பி ஸுல்பிகாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஸுல்பிகா வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள். தன்னை அறியாமல் இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

ஞானேஸ்வரி ஒலிவாங்கியை மேசையில் வைத்தாள். திறந்த புத்தகத்தோடு கதிரைகளுக்கு நடுவால் கடைசி வரிசைக்கு நடந்து போனாள். புத்தகத்தை அப்படியே அவர் மடியில் வைத்தாள்.

புத்தகம் வந்தது என்றதும் வாப்பாவின் முகம் மலர்ந்தது. விரலால் அட்டையைத் தடவி, தாளின் கனம் பார்த்து, எழுத்தே இல்லாத கீழ் மூலைக்குப் பழக்கத்தில் போனார். அந்த இடத்தில் தாள் ஈரமாக இருந்தது. விரலை எடுத்து மூக்கடியில் வைத்து மோந்து பார்த்தார். மை வாசம் பிடிபட்டதும் சின்னப் பிள்ளையைப்போலச் சிரித்தார். மகள் சட்டம் தவறவில்லை.

"அம்பத்தோராம் பக்கம் சேர்" என்றாள் ஞானேஸ்வரி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"ஓமோம், அம்பத்தொண்டு" என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் மகளுக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத இலக்கம் அது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் பிள்ளை?"

மின்விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பதிலுக்காக ஞானேஸ்வரியின் பக்கம் காதைக் கொடுக்கவில்லை. மகள் எங்கே நிற்கிறாள் என்று தேடுகிறவர்போல முகத்தை மெல்ல மெல்ல மற்றப் பக்கம் திருப்பினார். தகரச் சத்தம் அறுந்த இடத்தைக் கேட்டபோது இருந்த அதே முகம். ஊதா படிந்த விரலை வெள்ளைச் சேட்டில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.